தொண்ணூறு கிராம் பித்தளை

மணிமொழி டீச்சருக்கு முடியாது என்று சொல்ல வராது. மைதானத்தில் நாற்பது பெண்களை ஒரே விசிலில் நிறுத்தி வைக்கிற குரல் அவளுடையது. அவள் அதட்டினால் காம்பவுண்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட ஒரு கணம் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆனால் தனக்கு ஏதாவது ஒரு உதவி செய்த மனிதர் எதிரே வந்து நின்றுவிட்டால் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. கழுத்து ஒரு பக்கமாகச் சாயும். "இருக்கட்டுங்க, பரவால்லங்க" என்று இரண்டு வார்த்தை வரும். அவ்வளவுதான். ஊரில் இதற்கு அடக்கம் என்று பெயர், மரியாதை தெரிந்த பொம்பளை என்று பெயர். இது அப்படி ஒன்றும் நல்ல குணமில்லை என்று அவளுக்குத் தெரியவர நாற்பத்தோரு வயது ஆயிற்று. அதற்கு ஒரு பத்தாம் வகுப்புப் பெண் விலை கொடுத்தாள்.

கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள் மணிமொழி. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், மழை பெய்தால் மல்லாட்டை, பெய்யாவிட்டால் வெறும் வரப்பு. நிலக்கடலைக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் பேர். பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடினாள். மாவட்ட அணி வரைக்கும் ஓடினாள். ஓடியது மட்டும்தான் அவள் சொந்தம். காலில் போட்ட ஷூ ஊர்க்காரர் ஒருவர் வாங்கித் தந்தது. உடற்கல்வி படிக்கப் போன காலேஜில் இடம் கிடைத்தது இன்னொருவர் போட்ட ஒரு போனில். ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நின்று கழுத்தைச் சாய்த்து நன்றி சொல்லிப் பழகியவளுக்கு, வேலை கிடைத்து, கல்யாணமாகி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அன்பரசனோடு திருவண்ணாமலையில் குடியேறி இத்தனை வருஷம் கழித்தும் கழுத்து நிமிரவில்லை.

சாஃப்ட்பால் அவள் தேடிப் போன விளையாட்டு அல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலூரில் ஐந்து நாள் பயிற்சி என்று ஒரு கடிதம் வந்தது, பி.டி. டீச்சர் என்ற முறையில் இவளை அனுப்பி வைத்தார்கள். முதல் நாள் அந்த மட்டையைக் கையில் கொடுத்தபோது, இது என்ன உலக்கைக்குத் தம்பியா என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டுச் சிரித்தாள். ஐந்தாம் நாள் திரும்பும்போது சிரிப்பு போய்ப் பைத்தியம் பிடித்திருந்தது. பந்து வந்து மட்டையின் சரியான இடத்தில் படும்போது கையில் ஒன்றுமே தெரியாது, பந்து மட்டும் போய்க்கொண்டே இருக்கும்; அந்த ஒன்றுமே தெரியாததுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அன்பரசன் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, படித்து, எழுதி வைத்துக்கொண்டாள். எந்த உயரத்துக்கு எத்தனை அங்குலம், எந்த உடம்புக்கு எத்தனை கிராம், புது மட்டையை எப்படிப் பழக்குவது என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடைசியில் அவளைக் கெடுத்தது தெரியாமை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அவள் வேலை பார்த்த கீழ்பென்னாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தவை இரண்டு பழைய அலுமினிய மட்டைகள். பெரிய பெண்கள் ஆடும் அளவு, முப்பத்து நாலு அங்குலம், போதாக்குறைக்கு நசுங்கல் வேறு. அக்கா சட்டையைத் தங்கச்சி போட்டுக்கொண்டு கையை மடித்துவிட்டுக்கொள்வது போல, பிள்ளைகள் கைப்பிடியில் ஒரு சாண் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். அப்படிப் பிடித்தும் அபிநயா பந்தைக் காம்பவுண்டுச் சுவரில் கொண்டுபோய் அடிப்பாள்.

அபிநயா ஒல்லி. அப்பா பெங்களூரில் கட்டட வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறவர். அம்மா ராணியம்மாள் கடலை மண்டியில் சொத்தை பொறுக்குகிற வேலைக்குப் போகிறாள். இந்தப் பெண்ணின் கையில் இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று மணிமொழிக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. பத்தாம் வகுப்பு முடிவதற்குள் மாவட்ட அணியில் இடம் பிடித்து மாநிலப் போட்டிக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால், விளையாட்டு விடுதியில் இடம் கேட்கலாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷமும் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அது இல்லாவிட்டால் பத்தாம் வகுப்போடு பெண்ணை மண்டிக்குத் தன்னோடு கூட்டிப்போய்விடலாம் என்று ராணியம்மாள் ஏற்கெனவே ஒரு யோசனை வைத்திருந்தாள். நவம்பரில் தேர்வு. ஆளுக்குப் பத்துப் பந்து போடுவார்கள், பத்துப் பந்தில் தலையெழுத்து.

ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக மண்டி முதலாளி முருகையன் வந்தார். உபயம் செய்வதில் கைதேர்ந்தவர். கிரிவலப் பாதையில் தண்ணீர்த் தொட்டி, கோயில் மண்டபத்தில் நாலு மின்விசிறி, பள்ளிக்கூட ஆபீசில் ஒரு சுவர்க்கடிகாரம். எல்லாவற்றிலும் அவர் பேர் இருக்கும். கடிகாரத்தில் முள்ளைவிடப் பேர் நன்றாகத் தெரியும். பேர் ஆசையைத் தவிர அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று அவர் மேடையில் கேட்டபோது, யாரிடமும் வாய்விட்டு ஒன்று கேட்டறியாத மணிமொழி எழுந்து நின்று ஒரு மட்டை வேண்டும் என்று கேட்டாள்.

"ஒன்னுதானே? நல்லதா பாத்து வாங்குங்க டீச்சரம்மா. கம்மி ரகம் வாணாம்" என்றார்.

ஒரு சனிக்கிழமை அபிநயாவையும் ராணியம்மாளையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினாள் மணிமொழி. கடைக்காரர் நீளமானதாக ஒன்றை எடுத்து, வளரும் பிள்ளை, இரண்டு வருஷத்துக்கு வரும் என்றார். ராணியம்மாளுக்கு அது நியாயமாகவே பட்டது. யூனிபாரம் அப்படித்தானே எடுக்கிறோம்? மணிமொழி கேட்கவில்லை. தனக்கு ஒரு உதவியும் செய்யாத கடைக்காரரிடம் அவள் குரல் கணீரென்று இருந்தது. மட்டையை அபிநயாவின் காலோரம் நிமிர்த்தி நிறுத்திவைத்து, தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு வரைக்கும் வருகிறதா என்று பார்த்தாள். பிறகு ஒரே கையால் மட்டையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கச் சொல்லி முப்பது எண்ணினாள். முதல் மட்டைக்குப் பதினெட்டிலேயே கை இறங்கியது. இரண்டாவதுக்கு இருபத்தைந்தில் தோள் நடுங்கியது. நாலாவது மட்டைக்கு முப்பதும் எண்ணி முடித்து, "இன்னும் எண்ணுங்க மிஸ்" என்று சிரித்தாள் அபிநயா. முப்பத்தோரு அங்குலம், அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. அலுமினியம் இல்லை, நாரும் பசையும் சேர்த்துச் செய்த புது ரக மட்டை. ஊருக்கு வரும்வரை பஸ்ஸில் அதை மடியிலிருந்து இறக்கவில்லை அந்தப் பெண்.

அந்த ரக மட்டையை வாங்கின அன்றே வெளுத்து வாங்கக்கூடாது. பழக்க வேண்டும். மோட்டார் பம்ப் ஓஸில் ஒரு முழம் வெட்டி, தரையில் நட்ட இரும்புக் குழாய்மேல் செருகி, அதன் தலையில் பந்தை உட்காரவைத்து, அபிநயாவை நிறுத்தினாள் மணிமொழி. முதல் ஐம்பது பந்து பாதி வேகத்தில். ஒவ்வொரு அடிக்கும் மட்டையைக் கையில் கால் அங்குலம் திருப்பிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் சுற்றிலும் ஒரே சீராக இளகும். அடுத்த ஐம்பது இன்னும் கொஞ்சம் வேகம். ஒரு வாரம், தினமும் சாயங்காலம், மொத்தம் இருநூறு அடி. முதலில் மரக்கதவைத் தட்டுகிற மாதிரி மந்தமாக இருந்த சத்தம் நூற்றைம்பதைத் தாண்டியதும் மாறியது. பட்ட இடத்தில் ஒரு விறைப்பு விட்டு, பந்து எம்பிப் போக ஆரம்பித்தது. இருநூறாவது பந்து சுவரைத் தாண்டி ரோட்டுக்குப் போய் விழுந்தபோது மணிமொழியும் பிள்ளைகளோடு சேர்ந்து கத்தினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த சாயங்காலங்கள் அதிகமில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முருகையன் வந்தார். "ஒரு நாளு குடுங்க டீச்சரம்மா. கடையில வச்சு சாமி கும்பிட்டுத் தரேன்" என்று மட்டையை வாங்கிப் போனார். மூன்றாம் நாள் சந்தனம், குங்குமம், அதோடு ஒரு பித்தளைத் தகடும் சேர்ந்து மட்டை திரும்பி வந்தது. தேரடி வீதியில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்து, மூன்று விரல் அகலத் தகட்டில் 'உபயம்: சி. முருகையன், கடலை மண்டி, கீழ்பென்னாத்தூர்' என்று அழகாக வெட்டி, மட்டையின் தலைமாட்டில் சுற்றி வளைத்து, இரண்டு ட்யூபைக் கலந்து பூசுகிற கெட்டிப் பசையால் ஒட்டியிருந்தார். பந்து படுகிற இடத்தை விட்டுவிட்டு உச்சியில் வைத்திருந்தார். அந்த அளவுக்கு யோசித்தவர்தான்.

"எப்படி இருக்குது?" என்றார். முகம் பூராவும் சிரிப்பு.

மணிமொழி மட்டையை வாங்கினாள். வாங்கின கைக்கு உடனே தெரிந்துவிட்டது. தலை கீழே இழுத்தது. குடத்தை இடுப்பில் வைத்திருப்பதற்கும் கையை நீட்டிப் பிடித்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். உச்சியில் ஏறுகிற எடை அப்படிப்பட்டது. இதை அங்கேயே, அப்போதே சொல்லியிருக்கலாம். 'அண்ணா, இது வேண்டாம், பிள்ளைக்குக் கனம் ஜாஸ்தியாயிடும்' என்று ஒரு வரி. அவள் கழுத்து சாய்ந்தது.

"அழகா இருக்குதுங்க" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் காய்கறிக்கடைத் தராசில் மட்டையை வைத்துப் பார்த்தாள். தொண்ணூறு கிராம் கூடியிருந்தது. கடைக்காரி இதையும் எடைக்குப் போடப்போகிறீர்களா டீச்சர் என்று கேட்டுச் சிரித்தாள். மணிமொழி சிரிக்கவில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் மட்டையில் ஒரு கனமான வளையத்தை மாட்டிக்கொண்டு சுழற்றிப் பழகுவார்கள் என்று எப்போதோ படித்தது அவளுக்குச் சரியான நேரத்தில் ஞாபகம் வந்தது. கனத்தில் பழகினால் கைக்கு நல்லதுதான் என்று தேற்றிக்கொண்டாள். அவர்கள் ஆட இறங்கும்முன் அந்த வளையத்தைக் கழற்றிவிடுவார்கள் என்பதும் அதே பக்கத்தில்தான் எழுதியிருந்தது. அது ஞாபகம் வரவில்லை, அல்லது வர அவள் விடவில்லை.

மறுநாளே அபிநயா வந்து நின்றாள். "மிஸ், பேட்டு தலை இழுக்குது மிஸ். முன்ன மாதிரி இல்ல."

"பேட்டு இழுக்கலடி, உன் கைதான் இழுக்க மாட்டேங்குது" என்றாள் மணிமொழி. மற்ற பெண்கள் சிரித்தார்கள். "லீவுல தின்னுட்டு தூங்கினா இப்படித்தான். போய் இருபது தண்டால் எடு."

அந்தப் பெண் போய் இருபது தண்டால் எடுத்தாள். அதற்குப் பிறகு தினமும் எடுத்தாள். அப்படியும் மட்டை பந்துக்குப் பின்னால்தான் வந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, அணியில் நாலாவதாக இறங்கிக்கொண்டிருந்தவளை எட்டாவதாகத் தள்ளினாள் மணிமொழி. காரணம் கேட்ட மற்ற பிள்ளைகளிடம் கையில் தெம்பு இல்லை என்று சொன்னாள். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னாள். தகட்டை எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை முருகையனுக்குப் போன் செய்யப் போனாள். இரண்டு முறையும், அவர் வாரத்துக்கு ஒருதரம் வந்து மைதானத்தின் ஓரம் நின்று, தன் பேர் வெயிலில் மின்னுவதை ஆசையோடு பார்த்துவிட்டுப் போகிற முகம் நினைவுக்கு வந்தது. மைதானத்துக்கு வலை போட்டுத் தருகிறேன் என்று வேறு சொல்லியிருந்தார். போனைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு பெரிய மனிதர் மனம் நோகக்கூடாது என்று பார்த்தவளுக்கு, தினமும் எதிரே வந்து நிற்கிற ஒரு சின்னப் பெண்ணின் மனம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அபிநயா நம்பிவிட்டாள். அதுதான் இதில் தாங்க முடியாதது. தன் கையில் தெம்பு இல்லை என்று முழுசாக நம்பிவிட்டாள். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தூக்கித் தூக்கிப் பழகினாள். ராணியம்மாள் தினமும் காலையில் கூழும் ஒரு முட்டையும் கொடுத்தாள். கடைசியில் அந்தப் பெண் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பந்து வீசுகிறவளின் கையை விட்டுப் பந்து புறப்படும் முன்னாலேயே சுழற்ற ஆரம்பித்துவிடுவது. கனமான தலை மெல்லச் சுற்றி வந்து சேரவும் பந்து வரவும் சரியாக இருக்கும். இருபது நாளில் மறுபடியும் பந்து சுவருக்குப் போக ஆரம்பித்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றாள் மணிமொழி. மனதுக்குள் அப்பாடா என்றிருந்தது. யார் மனமும் நோகாமல் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

தேர்வு நாளன்று திருவண்ணாமலை மைதானத்தில் ஒன்பது பள்ளிக்கூடத்துப் பெண்கள். ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முருகையனும் உட்கார்ந்திருந்தார், தன் மட்டை அடிப்பதைப் போட்டோ எடுக்க. தேர்வாளர் பேர் மாறன், வேலூர்க்காரர். மட்டைகளை வரிசையாக வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தவர் இந்த மட்டையில் நின்றார்.

"இன்னாங்க மேடம் இது? சாமிக்கு சாத்தற மாதிரி பேட்டுக்கு கவசம் சாத்திக்கிறீங்க?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "இதெல்லாம் ரூல்ல கெடையாது. வெளிய வச்சிருங்க. பொண்ணு வேற பேட்டுல ஆடட்டும்."

அந்தக் கணத்தில் மணிமொழியின் கண் முதலில் போனது முருகையனிடம். அவர் முகம் சுருங்கிவிட்டதா என்று பார்த்தாள். அபிநயாவைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். இதைப் பின்னால் எத்தனையோ தடவை நினைத்து நினைத்து அவள் கூசியிருக்கிறாள்.

இன்னொரு பள்ளிக்கூடத்து மட்டையைக் கொடுத்தார்கள். சிவப்புக் கலர், முப்பது அங்குலம். அபிநயா ஒருதரம் சுழற்றிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "மிஸ், இது ரொம்ப லேசா இருக்குது மிஸ்."

"லேசா இருந்தா நல்லதுதான். போய் அடி" என்றாள் மணிமொழி. நாற்பது நாளாகக் கனத்துக்குப் பழகிய கை லேசான மட்டையை என்ன செய்யும் என்று அவளுக்கா தெரியாது?

முதல் பந்துக்கு மட்டை முன்னாலேயே சுற்றிப் போய்விட்டது. பந்து பின்னால் நிதானமாக வந்து சேர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது எல்லாம் இடது பக்கம் கோட்டுக்கு வெளியே, கணக்கில் வராமல் போயின. அபிநயா நிறுத்தி, மூச்சு வாங்கி, காலை மாற்றி வைத்துப் பார்த்தாள். ஆறாவதுக்கு வேண்டுமென்றே தாமதித்தாள், தாமதம் கூடிவிட்டது. ஏழு, எட்டு வெளியே. ஒன்பதாவது காலடியில் உருண்டது. பத்தாவதை நன்றாகத்தான் அடித்தாள், கோட்டுக்கு ஒரு முழம் வெளியே. இன்னும் ஐந்து பந்து போட்டிருந்தால் அந்தக் கை சரியாகியிருக்கும். அது மணிமொழிக்குத் தெரிந்த மாதிரி அந்த மைதானத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மாறன் அட்டையில் எழுதிக்கொண்டே இவள் பக்கம் வந்தார். "கையில வேகம் இருக்குது மேடம், டைமிங்தான் சுத்தமா இல்ல. எத்தினி வருஷமா ஆடுது?"

"ரெண்டு வருஷம் சார்."

"ரெண்டு வருஷத்துல இப்படியா? என்னா ஆச்சு?"

கேட்டுவிட்டு நின்றார். நிஜமாகவே பதிலுக்காக நின்றார். பேனா அட்டையில் எழுதாமல் நின்றது. பத்தடி தள்ளி முருகையன், நாலடி தள்ளி ஹெல்மெட் வாரை அவிழ்த்துக்கொண்டு அபிநயா. மணிமொழியின் கழுத்து மெல்லச் சாய்ந்தது.

"கொஞ்சம் பயந்த பொண்ணு சார். வெளியாளுங்களப் பாத்தா கை நடுங்கிடும்" என்றாள்.

மாறன் எழுதிக்கொண்டு போய்விட்டார். அபிநயா ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்; பிறகு வாரை அவிழ்ப்பதிலேயே இருந்தாள். சாயங்காலம் படித்த அணிப் பட்டியலின் பதினாலு பேரில் அவள் இல்லை. வேனில் ஏறும்போது அபிநயா வந்து, "சாரி மிஸ்" என்றாள். மணிமொழி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொடுத்தாள்! அந்தக் கையை என்ன செய்வது என்று அவளுக்குப் பிறகு தெரியவில்லை.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அன்பரசன் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எல்லாம் கேட்டுவிட்டு, "சொல்லியிருந்தா அந்த மனுஷன் உன்ன கடிச்சா தின்னுடுவாரு?" என்றான். திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கோழை என்ற சொல்லைப் பிள்ளைகளைப் பார்த்து எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் பஸ்ஸில் மட்டையோடு கீழ்பென்னாத்தூர் போய் மண்டியில் முருகையன் முன்னால் நின்றாள். கழுத்து சாயாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள். தகடு வந்த நாளிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "இந்தத் தகட்ட எடுக்கணுங்க அண்ணா. உங்க மனசு நோவும்னு சொல்லாம விட்டேன். பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டேன்" என்றாள்.

முருகையன் மட்டையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அங்கயே பேத்து எடுத்திருப்பேனே டீச்சரம்மா. எனக்கு இன்னா தெரியும், மல்லாட்டை யாவாரி. கனம் ஜாஸ்தியாவும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பொண்ணு ஆடணும்னுதானே வாங்கிக் குடுத்தேன். என் பேரு ஆடணும்னா?" என்றார்.

ஆளையே விட்டுவிட்டு நிழலைப் பார்த்துப் பயந்திருக்கிறோம் என்று விளங்கியது அவளுக்கு. மட்டையை அங்கேயே வைத்துவிட்டு, தானும் கூட வருகிறேன் என்றவரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அபிநயா வீட்டுக்கு நடந்தாள். வேண்டாம் என்று அவரிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

ராணியம்மாள் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கடைக்கு ஆளனுப்பிக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னாள். "வாங்க டீச்சர், வாங்க. இம்மாம் தூரம் வெயில்ல வந்துகினு. என் தப்புதாங்க டீச்சர். புள்ளைக்கு ஒரு பாலு குடுக்கல, ஒரு பழம் குடுக்கல. முட்டை ஒன்னு குடுத்தா போதும்னு இருந்துட்டேன். கையில தெம்பு எங்க வரும்?" என்றாள். அபிநயா கதவுப் பக்கம் சாய்ந்து நின்றாள். மணிமொழியால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். தகடு ஒட்டிய அன்றே கனம் என்று தனக்குத் தெரியும் என்று சொன்னாள். தராசில் வைத்துப் பார்த்ததைச் சொன்னாள். கையில் தெம்பு இல்லை என்று தான் சொன்னது பொய், அந்தக் கையில் இருக்கிற தெம்பு அந்த மைதானத்தில் யாருக்கும் இல்லை என்று சொன்னாள். எல்லாம் அந்தத் தகட்டால் வந்தது, அதை எடுக்கச் சொல்லாத தன்னால் வந்தது என்று சொல்லும்போது அழுதுவிட்டாள். ராணியம்மாளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை; டீச்சர் அழுவதைப் பார்த்து அவளும் முந்தானையை எடுத்தாள்.

அபிநயா அழவில்லை.

"மிஸ்" என்றாள் கடைசியில். "நேத்து அந்த சாரு என்னா ஆச்சுன்னு கேட்டாரில்ல?"

"ஆமா."

"அப்ப இத சொல்லியிருந்தீங்கன்னா, இன்னும் பத்து பந்து போட்டிருப்பாரா?"

இல்லை, ஒரு பெண்ணுக்காக விதியை மாற்றமாட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண் நம்பிவிடுவாள். இவள் எது சொன்னாலும் நம்புகிறவள்தானே. ஆனால் எழுதாமல் நின்ற அந்தப் பேனாவை மணிமொழி பார்த்திருந்தாள்.

"போட்டிருப்பாரு" என்றாள்.

அபிநயா தலையை ஆட்டினாள். கோபமாகக்கூட இல்லை, ஒரு கணக்கைச் சரிபார்த்துக்கொள்கிறவள் போல மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப இது தகட்டால வரல மிஸ்?"

"இல்ல" என்றாள் மணிமொழி.